மலையா, மலை சார்ந்த இடமா?

மலை ஊரில் குடியேறிவிடலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் விடுமுறையின் மூன்றாம் நாள்தான் வரும். முதல் நாள் பயணக் களைப்பிலும் இரண்டாம் நாள் ஊர் சுற்றுவதிலும் போய்விடும். மூன்றாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் மூடுபனி விலகி எதிரே முகடு தெரியும். அலைபேசியில் அலுவலகச் செய்தி எதுவும் இருக்காது. பேசாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றும். அன்று மாலையே வாடகை வீட்டு விளம்பரங்களைப் புரட்டத் தொடங்கிவிடுவோம்.

ஆசையில் தப்பே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். சமவெளி கொதிக்கிற மாதத்தில் மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ஆனால் மலை நகரம் என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது நாலு வேறு வேறு வாழ்க்கைகளை. குறிஞ்சி என்றால் 'மலையும் மலை சார்ந்த இடமும்' என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, குடியேற முடிவெடுக்கும்போது அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலையின் மேலேயே ஒட்டிக்கொண்டிருப்பது சரிவு நகரம். சுற்றிலும் மலை சூழ, நடுவில் கிண்ணம்போலக் கிடப்பது பள்ளத்தாக்கு நகரம். சமவெளியில் உட்கார்ந்துகொண்டு, தெரு முனையில் மலையை வைத்திருப்பது அடிவார நகரம். மூவாயிரம் மீட்டரை நெருங்கும் அல்லது தாண்டும் ஊர்களைத் தனி ரகமாகத்தான் பேச வேண்டும்.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் செவ்வாய்க்கிழமை. சனி ஞாயிறுகளில் எந்த ஊரும் அழகுதான். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை ஆறு மணிக்கு முடிகிறது. இருட்டுவதற்குள் மலையில் கால் வைத்துவிட்டு வீடு திரும்ப முடியுமா? அதே செவ்வாய்க்கிழமை பல் வலித்தால் மருத்துவரிடம் போய் வர எவ்வளவு நேரம் ஆகும்? முதல் கேள்விக்கு நல்ல பதில் தரும் ஊர்கள் பல, இரண்டாவதில் கோட்டை விடும். இரண்டிலும் தேறுகிற ஊர் அரிது.

சரிவில் ஒரு வீடு

படத்தில் பார்த்து மயங்குவது இந்த ரகத்தைத்தான். வீட்டுக்கு மேல் வீடு, ஓட்டுக்கூரைகள், நடுவில் மேகம். இங்கே நீங்கள் மலைக்குப் போக வேண்டியதில்லை, ஏற்கெனவே மலையில்தான் இருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமைக் கேள்வியின் முதல் பாதிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சிக்கல் தரைமட்டம் என்ற ஒன்றே இல்லாததில் இருக்கிறது. சாலையிலிருந்து நேராக உள்ளே நுழைவீர்கள்; அது கட்டடத்தின் நான்காவது மாடியாக இருக்கும். உங்கள் வீடு அங்கிருந்து மூன்று மாடி கீழே. அல்லது சாலையே வீட்டுக்குக் கீழே இருக்கும், அங்கிருந்து நூற்றுச் சொச்சம் படிகள். வீட்டு விளம்பரத்தில் 'சாலையிலிருந்து மூன்று நிமிடம்' என்று போட்டிருப்பார்கள். அது வெறுங்கையோடு இறங்குகிறவருக்கான மூன்று நிமிடம். ஒரு பிரிட்ஜ் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லாரி சாலையோடு நின்றுவிடும். இரண்டு பேர் முதுகில் கயிறு கட்டி அதை இறக்க வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் படியின் அகலம் பிரிட்ஜின் அகலத்தைவிட நாலு விரல்தான் கூட இருக்கும், கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டே வரும். கீழே வந்து சேரும்போது பிரிட்ஜின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், தூக்கி வந்தவர் அரை மணி நேரம் எதுவும் பேச மாட்டார். மழைக்காலத்தில் இதே படிகளில் பாசி பிடிக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவோ அப்பாவோ உங்களுடன் வரப்போகிறார்கள் என்றால், அவர்கள் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராமல் போக வாய்ப்பு உண்டு. இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

படிகளை நகரங்களே பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தீர்த்த கதைகள் இருக்கின்றன. சிம்லாவில் கீழ்ச் சாலையிலிருந்து மால் ரோட்டுக்கு ஏற, கட்டணம் கட்டி லிஃப்டில் போகிறார்கள். கொலம்பியாவின் மெடயீன் நகரில் 2004இல் மெட்ரோ ரயிலோடு இணைத்து ரோப் கார் விட்டார்கள். சுற்றுலாவுக்காக இல்லை, மலைச்சரிவுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் தினமும் வேலைக்குப் போய்வர. 2011இல் அதே நகரின் பதிமூன்றாம் வட்டாரத்தில் திறந்தவெளியில் நகரும் படிக்கட்டுகளைப் பொருத்தினார்கள். அதுவரை அங்கே வீட்டுக்குப் போவது என்பது இருபத்தெட்டு மாடிக் கட்டடத்தை ஏறுவதற்குச் சமமாக இருந்தது. நீங்கள் பார்க்கும் ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இருபத்தெட்டு மாடி உங்கள் கால்களுக்குத்தான்.

தண்ணீர் அடுத்த விஷயம். சுற்றிலும் மழையும் ஓடையுமாக இருக்கும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று தோன்றும். மழைநீர் சரிவில் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஊர் மேலே, ஓடை கீழே. கீழிருந்து பம்ப் போட்டு மேலேற்ற வேண்டும். 2018 கோடையில் சிம்லாவில் குடிநீருக்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். சுற்றுலாப் பயணிகளே, தயவுசெய்து வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே சமூக ஊடகங்களில் எழுதினார்கள். விடுமுறைக்காரர்கள் குவிகிற மாதமும் தண்ணீர் குறைகிற மாதமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அந்த மாதத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை, குடம் வைத்துக் காத்திருக்கும் ஆள்.

வேலை விஷயத்தில் சரிவு நகரம் பெரும்பாலும் மெலிந்தது. தட்டையான நிலம் இல்லாத இடத்தில் ஆலையும் பெரிய அலுவலக வளாகமும் வருவது கஷ்டம். சுற்றுலா, பள்ளிகள், அரசு அலுவலகங்கள், தோட்டங்கள் என்ற வட்டத்துக்குள் அடங்கிவிடும். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவர் தன் வேலையைத் தன்னோடு கொண்டுவருகிறார், அவருக்கு இது பொருட்டில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேலை போனால் இரண்டாவது வேலை இந்த ஊரில் கிடைக்குமா? கிடைக்காது என்றால் ஒரு வேலை இழப்பு கூடவே ஒரு வீடு மாற்றத்தையும் கொண்டுவரும். படியில் பிரிட்ஜ் இந்த முறை மேல்நோக்கிப் போகும்.

கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம்

எனக்குப் பிடித்த ரகம் இதுதான். அதனாலேயே இதன் குறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சின் கிரெனோபிள் இதற்கு நல்ல உதாரணம். மூன்று பக்கமும் மூன்று மலைத்தொடர்கள்: ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன். நடுவில் இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் நகரம். மலை நகரம் என்று பெயர். ஆனால் ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. பிரான்சின் மிகத் தட்டையான நகரங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. அதனால் சைக்கிளிலேயே அலுவலகம் போகிறவர்கள் அங்கே நிறைய. ஆற்றங்கரையிலிருந்து பஸ்தீய் கோட்டைக்கு 1934 முதல் கேபிள் கார் ஓடுகிறது, நடந்தும் ஏறலாம். மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடிவிட்டு ஏழுக்கெல்லாம் மேலே நின்று ஊரைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைத் தேர்வில் நல்ல மதிப்பெண்.

இந்த ஊருக்கு வேலை எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1869இல் பக்கத்தில் உள்ள லான்சே என்ற இடத்தில் ஆரிஸ்டீட் பெர்ஜெஸ் என்ற பொறியாளர், மலையிலிருந்து விழும் நீரைக் குழாயில் இறக்கி மர அரவை ஆலையை ஓட்டினார். விழும் நீருக்கு 'வெள்ளை நிலக்கரி' என்ற பேரும் அவர் மூலமாகத்தான் பரவியது. நீர்விசை மின்சாரமானது, மின்சாரத்தைத் தேடி ஆலைகள் வந்தன, ஆலைகளுக்காகப் பொறியியல் கல்வி வளர்ந்தது. 1956இல் இயற்பியலாளர் லூயி நீல் அங்கே அணு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். அப்புறம் சிப் தயாரிப்பு, ஐரோப்பிய நாடுகள் பொதுவில் நடத்தும் சின்க்ரோட்ரான் என்ற ஆராய்ச்சிக்கான துகள் முடுக்கி என்று வரிசையாக வந்து சேர்ந்தன. மலை அங்கே பின்னணிப் படமாக மட்டும் நிற்கவில்லை, சம்பளமே அதிலிருந்துதான் தொடங்கியது. இப்படிப்பட்ட ஊரில் இரண்டாவது வேலை கிடைக்கும், உங்கள் துறை பொருந்தினால்.

இன்ஸ்ப்ரூக் இன்னும் ஒரு படி மேல். ஆஸ்திரியாவில் 574 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் 1669 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரின் நடுவிலேயே, கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் வடிவமைத்து 2007இல் திறந்த நிலையங்களிலிருந்து ஒரு சரிவு ரயில் கிளம்பும். சில நிமிடங்களில் 860 மீட்டர் உயரத்து ஹங்கர்பர்க்கில் இறக்கிவிடும், அங்கேயே காட்டுப் பாதை தொடங்கும். மேலும் போக வேண்டுமானால் ரோப் காரில் 2,200 மீட்டருக்கு மேலுள்ள முகடு வரை போகலாம். செவ்வாய்க்கிழமை என்று நான் சொன்னபோது மனதில் இருந்தது இந்த ஊர்தான்.

சரி, குறைகள். முதலில் காற்று. சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரும். குளிர்கால இரவுகளில் இது தலைகீழாகும். கனமான குளிர்காற்று சரிவுகளில் வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும், அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். வாகனப் புகை, வீட்டுப் புகை, ஆலைப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். அடித்துப் போகக் காற்றும் வராது, மலை மறித்து நிற்கிறதே. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இது வருடாவருடம் நடக்கிற கூத்து. 1,300 மீட்டரில் இருக்கும் ஊர் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும்; மலைப்பாதையில் காரில் அரை மணி நேரம் ஏறினால் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவீர்கள். மேலே பளிச்சென்று வெயில், வெப்பமும் ஊரைவிடக் கூட, காலடியில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரு கடல். நாம் குடியிருப்பது அந்தப் பஞ்சுக்கு அடியில் என்று அப்போதுதான் உறைக்கும். 1,400 மீட்டரில் கிடக்கும் காத்மாண்டுவுக்கும் குளிர்காலத்தில் இதே கதி. 2,240 மீட்டர் உயரத்து மெக்சிகோ சிட்டி இந்த மூடி விளையாட்டில் 1992 வாக்கில் உலகின் மிக மோசமான காற்று என்று பேர் எடுத்தது. அதற்கப்புறம் நிறையச் சீர்செய்திருக்கிறார்கள். சுத்தமான காற்றைத் தேடி மலைக்குப் போகிறேன் என்று ஆஸ்துமா உள்ள ஒருவர் கிண்ணத்துக்குள் குடியேறினால், விட்டுவந்த ஊரே தேவலை என்று ஜனவரியில் சொல்லக்கூடும்.

இரண்டாவது, வெயில். கோடையில் கிண்ணம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலை ஊர் என்று நம்பி வந்தவர்கள் கிரெனோபிளின் ஜூலையில் வியர்த்து வழிகிறார்கள். ஊர் இருப்பது இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில்தானே. மலை உயரமாக இருப்பதால் ஊரும் உயரமாக இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. சூரியன் தாழ்வாகப் போகும்போது மலை அதை மறைத்துவிடும். நார்வேயில் ரியூக்கான் என்ற ஆலை ஊர் ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை அங்கே நேரடி வெயில் விழாது. ஊழியர்கள் மேலே போய்க் கொஞ்சம் வெயிலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஆலை நிறுவனம் 1928இல் ஒரு கேபிள் காரே கட்டிக் கொடுத்தது. 2013இல் எதிர் மலையில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் ஒரு வட்டம் அளவுக்கு வெயிலைத் திருப்பி விட்டார்கள். ஆறு மாதம் அந்த வட்டத்துக்குள் மக்கள் வந்து நிற்கிறார்கள்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பள்ளத்தாக்கில் வீடு பார்க்கும்போது எந்தப் பக்கச் சரிவு என்பது பெரிய விஷயம். வடகோளத்தில் தெற்கு பார்த்த சரிவுக்கு வெயில், வடக்கு பார்த்த சரிவுக்கு நிழல். நிழல் பக்கத்து வீட்டில் துணி காய மூன்று நாள் ஆகும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வரும். வாடகை குறைவாக இருந்தால் மதியம் மூன்று மணிக்குப் போய் நின்று பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

அடிவாரம்

அமெரிக்காவின் டென்வர் இந்த ரகத்தின் பிரபலமான முகம். 1,609 மீட்டர் உயரம், அதாவது சரியாக ஒரு மைல். மேற்கே பார்த்தால் ராக்கி மலைகள், மற்ற மூன்று பக்கமும் நிலம் விரிந்து கிடக்கும். விரிவதற்கு இடம் இருப்பதால் ஊர் பெரியது, தொழில்கள் பலவகை, விமான நிலையம் பிரம்மாண்டம். பல்வலிக்கு மட்டுமில்லை, இதய அறுவைக்கும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கணவன் மனைவி இருவரும் வேலை தேட வேண்டிய குடும்பம், படிக்கிற பிள்ளைகள், அடிக்கடி விமானம் ஏற வேண்டிய வேலை என்று இருந்தால் மற்ற மூன்று ரகங்களும் இதனோடு போட்டி போடவே முடியாது. காற்றும் கிண்ணத்து நகரங்கள் அளவுக்குச் சிறைப்படாது.

ஆனால் மலை? ஜன்னலில் தெரியும். சனிக்கிழமை காலை பனிச்சறுக்கு இடங்களுக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஊரே கிளம்பியிருக்கும். சாதாரணமாக ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போகிற தூரம் இரட்டிப்பாகும். ஞாயிறு மாலை அதே ஊர்வலம் திரும்பி வரும். வருடம் முழுவதும் மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து, தொட்டது பத்து முறை என்று கணக்கு வரும். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது இங்கே குறை சொல்வதற்கான பழமொழி இல்லை, அந்தக் குளிர்ச்சிக்குத்தான் வாடகை கொடுக்கிறோம்.

பக்கத்திலேயே இருக்கும் போல்டர் நகரம் இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டியது. 1959இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு மலையில் ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே நகராட்சி தண்ணீர் தராது. தண்ணீர் இல்லாத இடத்தில் யார் வீடு கட்டுவார்கள்? மலைச்சரிவு அப்படியே தப்பித்தது. 1967இல் திறந்தவெளி நிலங்களை வாங்குவதற்கென்றே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள், பிறகு கட்டட உயரத்துக்கும் வரம்பு வந்தது. விளைவு, தெருவிலிருந்து நடந்தே மலைப்பாதைக்குப் போகலாம், எந்தக் கட்டடமும் முகட்டை மறைக்காது. இன்னொரு விளைவு, புது வீடுகளுக்கு இடம் சுருங்கி விலை எகிறியது. அந்த ஊரில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் தினமும் வெளியூரிலிருந்து வண்டி ஓட்டி வருகிறார்கள். மலையைக் காப்பாற்றிய ஊரில் வீடு கிடைக்காது, வீடு கிடைக்கும் ஊரில் மலையை ஏற்கெனவே வெட்டியிருப்பார்கள். இந்த முடிச்சை அவிழ்த்த ஊர் எதையும் நான் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கும் உயரம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் முடிவு உங்கள் கையில் பாதிதான் இருக்கிறது, மீதி உங்கள் ரத்தத்தின் கையில். பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எதுவும் சீக்கிரம் வேகாது. முதல் சில நாட்கள் தலைவலி, தூக்கமின்மை. அப்புறம் சிவப்பணுக்கள் கூடி உடம்பு பழகிக்கொள்ளும். எல்லா உடம்பும் பழகாது. வருடக்கணக்கில் வாழ்ந்த பிறகும் ரத்தம் மிகையாகக் கெட்டிப்பட்டு வரும் நோயைப் பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925இலேயே விவரித்திருக்கிறார். பிறக்கும் குழந்தைகளின் எடை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் நூறு கிராம் குறைகிறது. குடும்பத்தைப் பெருக்கும் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் பேசாமல் இங்கே போகாதீர்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்குகளைக்கூட மூவாயிரம் மீட்டர் சொச்சம் வரைதான் ஓடும் என்று உறுதி தந்து விற்கிறார்கள்.

லா பாஸில் ஒரு வேடிக்கை. மற்ற ஊர்களில் பணக்காரர்கள் மேலே போய்க் காட்சியை வாங்குவார்கள். அங்கே பணம் சேரச் சேரக் கீழே இறங்குகிறார்கள். கீழே காற்றும் கூட, வெதுவெதுப்பும் கூட. மேட்டில் 4,000 மீட்டரைத் தாண்டி இருக்கும் எல் ஆல்டோவிலிருந்து உழைக்கும் மக்கள் தினமும் இறங்கி வருகிறார்கள். 2014 முதல் அந்தப் பயணத்துக்கு ரோப் கார் ஒரு பெரிய ஆறுதல்.

இந்த ரகத்துக்கு ஒரு மென்மையான தம்பி உண்டு. 2,355 மீட்டர் உயரத்து அடிஸ் அபாபா, 2,640 மீட்டர் போகோடா போன்றவை நிலநடுக்கோட்டை ஒட்டிய உயர்ந்த நகரங்கள். வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி, கடும் பனிக்காலம் கிடையாது, இரண்டும் நாட்டுத் தலைநகரங்கள், அதனால் வேலைக்கும் பஞ்சமில்லை. வேலை அங்கே கூப்பிட்டால் தயங்க வேண்டாம் என்பேன். தொப்பி மட்டும் மறக்காதீர்கள். ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் கூடும், குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவதே தெரியாது.

ஒரே ஒரு சாலை

நாலு ரகத்துக்கும் பொதுவான ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், காரணம் இதை யாரும் முதலில் கேட்பதில்லை. ஊருக்கு எத்தனை வழி?

அமெரிக்காவின் ஆஷ்வில் நகரம் கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, மலைக்குள் இருக்கிறது. புயலுக்கும் வெப்பத்துக்கும் பயந்தவர்கள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பேசப்பட்ட ஊர். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மிச்சம் அங்கே கொட்டித் தீர்த்தது. ஆறுகள் பள்ளத்தாக்கை நிரப்பின, குடிநீர்க் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. குழாயில் மறுபடி குடிக்கத்தக்க தண்ணீர் வந்தது நவம்பர் 18 அன்று. மேற்கே போகும் ஐ-40 நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டிய பகுதிகள் சரிந்து விழுந்தன, ஒரு பக்கத்துக்கு ஒரு தடம் என்று திறக்கவே 2025 மார்ச் ஆனது. சமவெளியில் ஒரு சாலை உடைந்தால் பத்து சாலை இருக்கும். மலையில் ஆறு போட்ட வழியில்தான் சாலையும் போகும், ரயிலும் போகும், இணையக் கம்பியும் போகும். ஆறு கோபித்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். 2023 அக்டோபரில் சிக்கிமில் தீஸ்தா ஆறு பெருகியபோது கேங்டாக் போகும் சாலைக்கும் அதுதான் நடந்தது. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவர் தன்னை எங்கும் கட்டிப்போடாதவர் என்று நினைத்துக்கொள்கிறார். சரிவில் கிடக்கும் ஒரு கம்பியில் அவர் சம்பளம் தொங்குகிறது. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். இங்கே மச்சான் கீழேயிருந்து வரும் சாலைதான்.

காலடி நிலத்தையும் விசாரியுங்கள். 2023 ஜனவரியில் உத்தராகண்டின் மலை ஊரான ஜோஷிமட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. ஊர் ஒரு பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் இருக்கிறது, பெரிய கட்டுமானம் கூடாது என்று 1976இலேயே ஒரு அரசுக் குழு எழுதிவைத்திருந்தது. அடிவாரத்துக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு: 2021 டிசம்பர் 30 அன்று மலையிலிருந்து இறங்கிய பேய்க்காற்றில் தீ பரவி, போல்டருக்கு அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் எரிந்தன. புவியியல் துறையின் நிலச்சரிவு வரைபடம் பல நாடுகளில் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. வீட்டுத் தரகர் அதைப் பற்றிப் பேச மாட்டார். சுவரில் புதுப் பூச்சு இருக்கும் இடத்தைப் பாருங்கள், மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள்.

யாருக்கு எது

கையில் உறுதியான வேலை, வாங்கிப் போட்ட கடன் இல்லை, மூட்டுகள் இன்னும் ஒத்துழைக்கின்றன, மூன்று வருடம் வாழ்ந்து பார்க்க ஆசை என்றால் சரிவு நகரம். வாடகைக்குத்தான், வாங்காதீர்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்றால் அடிவாரம், அதிலும் மலைப்பக்கத்து விளிம்பில், காலையில் ஊருக்குள் போகவும் மாலையில் மலைப்பக்கம் திரும்பவும் பேருந்து இருக்கிற இடமாக. உயர்ந்த நகரம் வேலை கூப்பிட்டால் மட்டும், ஒரு மாதம் வாழ்ந்து பார்த்த பிறகு. எனக்கென்று கேட்டால் கிண்ணம்தான். ஒழுங்காக ஓடும் ஒரு ரோப் காரோ சரிவு ரயிலோ இருக்க வேண்டும், நுரையீரல் நல்ல நிலையில் இருக்க வேண்டும், இரண்டாவது வேலைக்கு வழி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நானே அடிவாரத்துக்கு மாறிவிடுவேன்.

எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் போய்த் தங்குங்கள், அந்த ஊரின் மிக மோசமான மாதத்தில். கிண்ணம் என்றால் ஜனவரி, சரிவு என்றால் அடைமழை. கூடவே வேலையையும் கொண்டுபோங்கள், லீவு போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடிவிட்டு, குடையோடு வாசலில் இறங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் கால் வைக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.